காலையில் ஒன்பது, மதியம் ஐந்து

பெங்களூர்,
22 பிப்ரவரி 1979

அன்புள்ள செல்விக்கு,

சேசு மரி சூசை துணை. சுகமாக வந்து சேர்ந்தேன், தும்மல் மட்டும் கூடவே வந்துவிட்டது. இங்கே இன்னும் குளிர் விடவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து பெட்டியைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். என்னைப் பற்றி யோசிக்கவில்லையா என்று கேட்பாய். நீ எப்படியும் பிழைத்துக்கொள்வாய், பெட்டிதான் பிழைக்க வேண்டும்.

கிளம்புகிற அவசரத்தில் சொன்னதை மறுபடி எழுதுகிறேன், கவனமாகப் படி. பெட்டிக்குள் நாற்பது காலோடு கறுப்பாகப் பூரான் மாதிரி ஒன்று இருக்கிறதே, அந்தச் சிப்தான் எல்லாமே. ராஜாங்கம் முதலாளியின் உப்பளத்துப் பெரிய பாத்தியில் உப்புத்தண்ணீர் குறைந்தால் மோட்டாரை ஓட விடுவதும், நிறைந்தால் நிறுத்துவதும் அதன் வேலை. நிறுத்தாமல் விட்டால் தண்ணீர் வழிந்து, உப்பு விளைந்து நிற்கிற பாத்திகளுக்குள் போய் எல்லாவற்றையும் கரைத்துவிடும்.

அந்தப் பூரானுக்கு ஆகாரம் ஐந்து வோல்ட். பேட்டரி கொடுப்பதோ பன்னிரண்டு. நடுவில் மூன்று காலோடு ரெகுலேட்டர் என்று ஒருவன் நிற்கிறான். வாசல் காவல்காரன் என்று வைத்துக்கொள். பன்னிரண்டை வாங்கிக்கொண்டு ஐந்தைத்தான் உள்ளே விடுவான். அவனைத் தாண்டி அதிகமாக ஏதாவது உள்ளே போனால் பூரான் அந்த நிமிஷமே செத்துவிடும். அதற்கு வைத்தியமே கிடையாது.

இந்தச் சிப் எங்கள் ஆராய்ச்சி நிலையத்திலேயே இரண்டுதான். ஒன்று நம் வீட்டுக்குப் பின்னால் மோட்டார் கொட்டகையில் இருக்கிறது. மற்றது என் மேலதிகாரி காசிலிங்கம் சார் பீரோவில். ஜூன் கடைசியில் என் தற்காலிக வேலை முடிகிறது. அதற்குள் சார் மரக்காணம் வந்து பார்த்து, பெட்டி ஒழுங்காக ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், நீ இங்கே வரலாம். இல்லையென்றால் நான் மறுபடி ஊர் ஊராக வேலை தேட வேண்டும், நீ கொட்டகையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப் போகிறது, நாம் சேர்ந்து சாப்பிட்ட சாப்பாட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பேட்டரி மாற்றிக் கொடுக்க மைக் செட் தேசப்பன் வாரா வாரம் வருவான். வோல்ட் பார்க்கிற மீட்டரைப் பத்திரமாக வை. வேறு யாரும் பெட்டியைத் தொட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பவுல்ராஜ்


மரக்காணம்,
6 மார்ச் 1979

அன்புள்ள அத்தானுக்கு, செல்வி எழுதுவது.

உங்கள் தும்மல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? இங்கே அத்தையும் நானும் நல்லபடியாக இருக்கிறோம். முழங்கால் வலி உட்கார்ந்தால்தான் இருக்கிறதாம், நடந்தால் இல்லையாம். அதனால் உட்காருவதே இல்லை.

பெட்டிக்குப் பிறகுதான் பெண்டாட்டி என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டீர்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஒருநாள் உதவும்.

பெட்டி நன்றாக ஓடுகிறது. ராஜாங்கம் முதலாளி தினமும் வந்து மோட்டார் நிற்பதை வேடிக்கை பார்க்கிறார். "ஆளே இல்லாம தானா நிக்குதும்மா! உள்ள பேய் கீய் ஒண்ணும் வெச்சி அடைக்கலியே உன் வூட்டுக்காரரு?" என்று நேற்றுக் கேட்டார். பூரான்தான் வைத்திருக்கிறார் என்றேன். இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அத்தைக்கு அந்தப் பெட்டி மேல் உயிர். சாயந்திரம் ஜெபமாலை முடிந்ததும் கொட்டகைக்குப் போய், சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தால்தான் சோறு இறங்குகிறது. "எம்புள்ள பொட்டி, எம்புள்ள பொட்டி" என்று ஒரே பேச்சு. உங்க புள்ள பொண்டாட்டியையும் ஒரு தரம் எட்டிப் பாருங்க அத்தை என்றேன். "ஒனக்கென்னாடி, நீ வாய் வெச்சிருக்கறே. அது வாயில்லா ஜீவன்" என்றார்.

இந்த வருஷத்து முதல் உப்பில் ஒரு மரக்கால் கோவிலுக்குக் கொடுத்தோம். சாமியார் அதை மந்திரித்து, தீர்த்தத்தில் போட எடுத்தது போக மீதியை வீட்டுக்கு வீடு கொடுத்தார். எங்கள் கிளியனூர்ப் பக்கம் நெல்லைத்தான் மந்திரிப்பார்கள். உப்பை மந்திரித்து இங்கேதான் பார்க்கிறேன்.

குவார்ட்டர்ஸ் சமையலறைக்கு ஜன்னல் உண்டா? நீங்கள் போய்ப் பார்த்து எழுதுங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். அதற்கு என்ன செய்வது என்றும் எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
உங்கள் செல்வி


மரக்காணம்,
18 ஏப்ரல் 1979

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கு உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துச் சொல்லித்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். உடம்பு நலம்தானே? நாங்கள் இருவரும் நலம். நலமாக இல்லாதது பெட்டிதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன், சிவப்பு விளக்கு எரியவில்லை. மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய பாத்தி நிறைந்து வழிந்து, பக்கத்துப் பாத்திகளில் வெள்ளைவெளேரென்று இருந்த உப்பெல்லாம் கரைந்து கஞ்சியாகக் கிடந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

ராஜாங்கம் முதலாளி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "உன் வூட்டுக்காரரு படிப்புக்கு எங்க பாத்திதான் கெடச்சுதா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். மறுபடி ஆள் போட்டு மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறார். பெட்டியை எடுத்துக்கொண்டு போ என்று இன்னும் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்.

பேட்டரியில் பன்னிரண்டு இருக்கிறது, மீட்டர் வைத்துப் பார்த்தேன். நான் எதையும் தொடவில்லை. உடனே பதில் எழுதுங்கள். பயமாக இருக்கிறது.

செல்வி


பெங்களூர்,
22 ஏப்ரல் 1979

செல்விக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருங்கள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பதறாமல் நான் சொல்கிறதை மட்டும் செய். பேட்டரி வயரைக் கழற்று. மூடியைத் திற. பூரானை அதன் தொட்டிலிலிருந்து மெதுவாக நெம்பி எடு, கால் ஒன்றும் வளையக் கூடாது. தேசப்பனிடம் சிகரெட் பெட்டியில் இருக்கிற வெள்ளிக் காகிதம் வாங்கி, எல்லாக் காலும் அதில் படும்படி சுற்றி, பஞ்சுக்குள் வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. பூரான் இல்லாத பெட்டிக்கு மறுபடி பேட்டரியைக் கொடு. ரெகுலேட்டரின் மூன்றாவது காலில் மீட்டரின் சிவப்பு முனையையும், நடுக்காலில் கறுப்பு முனையையும் வை. ஐந்து காட்ட வேண்டும். காலையிலும் பார், மதியமும் பார். என்ன காட்டுகிறதோ அப்படியே எழுது.

காசிலிங்கம் சாரிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

பவுல்ராஜ்


மரக்காணம்,
27 ஏப்ரல் 1979

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் தூங்காமல் இருந்தால் செத்த பூரான் எழுந்து வந்துவிடாது. தூங்குங்கள்.

அதை இன்றே ரிஜிஸ்டரில் அனுப்பிவிட்டேன். "இன்னாம்மா இவ்ளோ சின்னப் பார்சலுக்கு இவ்ளோ பஞ்சு?" என்று தபால்காரர் கலியமூர்த்தி கேட்டார். உயிர் இருக்குதுங்க உள்ள என்று சொன்னேன். இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். காலையில் ஒன்பது காட்டுகிறது. மதியம் அதே இடத்தில் ஐந்து காட்டுகிறது. மறுநாளும் பார்த்தேன், காலையில் ஒன்பது, மதியம் ஐந்து. அப்புறம் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதன் பிறகு காலையிலும் ஐந்துதான்.

நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாம் செய்தேன். வேறு ஒன்றும் எழுத இல்லை. அத்தை உங்களுக்காக நவநாள் ஜெபம் வைத்திருக்கிறார்.

செல்வி


பெங்களூர்,
5 மே 1979

செல்விக்கு,

நலமே. பூரான் வந்து சேர்ந்தது. செத்துவிட்டது. இங்கே இருக்கிற எல்லாக் கருவியிலும் போட்டுப் பார்த்தேன், அசைவே இல்லை. ஐந்து வோல்ட்டுக்கு மேல் உள்ளே ஏறியிருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை.

சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பீரோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "எதனால ஏறிச்சுன்னு சொல்லுங்க பவுல்ராஜ், ரெண்டாவது சிப்பை எடுத்துக் கொடுக்கிறேன். காரணம் தெரியாம குடுத்தா அதையும் அங்க கொண்டுபோய்க் கொல்லப் போறீங்க" என்றார். அவர் சொல்வது நியாயம்தானே?

இப்போது உன்னிடம் கேட்கிறேன். காலையில் ஒன்பது, மதியம் ஐந்து என்று எழுதியிருக்கிறாய். எந்த ஊரில் வோல்ட் வெயில் பார்த்து ஏறி இறங்கும்? மீட்டரைச் சரியாக வைத்தாயா? துடைத்தேன் என்கிறாயே, எதைத் துடைத்தாய்? பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதைக்கு தேசப்பன் மைக் செட் போட்டிருப்பான். அவன் இரண்டு பேட்டரியைச் சேர்த்துக் கட்டி மைக்குக்குக் கொடுக்கிறவன். அதே மாதிரி இரண்டையும் சேர்த்து நம் பெட்டிக்கும் கொடுத்துவிட்டானா? நடந்ததை அப்படியே எழுது. நான் உன்னைத் திட்ட மாட்டேன். எனக்குக் காரணம் தெரிந்தால் போதும்.

பவுல்ராஜ்


மரக்காணம்,
10 மே 1979

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறோம்.

துடைத்தது தூசியைத்தான். நீங்கள் நினைத்தது சரி, இரண்டு பேட்டரி சேர்ந்துவிட்டது. தேசப்பன் மேல் தப்பில்லை. அவன் ஓரமாக வைத்துவிட்டுப் போனதை நான்தான் அவசரத்தில் சேர்த்துக் கட்டிவிட்டேன். சாரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

செல்வி


பெங்களூர்,
15 மே 1979

செல்விக்கு,

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேட்டரியைச் சேர்த்து, அதே மாதிரி ரெகுலேட்டருக்குக் கொடுத்தார். இருபத்துநான்கு உள்ளே போனது, வெளியே ஐந்துதான் வந்தது. காவல்காரன் கொஞ்சம் சூடானான், அவ்வளவுதான். முப்பது வரைக்கும் அவன் தாங்குவான். இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். பெண்டாட்டி பேச்சை நம்பி ஓடினேன். சார் என் முகத்தைப் பார்க்காமல் பீரோவைப் பூட்டினார்.

அப்படியென்றால் நீ எழுதியது பொய். நீ மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? என்னிடம் ஏன் பொய் சொல்கிறாய்? யாரைக் காப்பாற்றுகிறாய்?

ராத்திரி பூராவும் யோசித்ததில் ஒன்றுதான் தோன்றுகிறது, கேட்டுவிடுகிறேன். உனக்கு இங்கே வர மனமில்லையா? பெட்டி ஓடினால் பெங்களூர் போக வேண்டுமே என்று ஏதாவது செய்துவிட்டாயா? அப்படி இருந்தால் நேராகச் சொல்லிவிடு. நான் ஒருவன் இங்கே குவார்ட்டர்ஸ் ஜன்னலை எண்ணிக்கொண்டு திரிய வேண்டாம்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டாதே.

பவுல்ராஜ்


பெங்களூர்,
1 ஜூன் 1979

செல்விக்கு,

போன கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. உடம்பு சரியில்லையா? அம்மாவுக்கு ஏதாவது? ஒரு கார்டில் நலம் என்று ஒரு வார்த்தை எழுதிப் போடக் கூடாதா?

நான் கடைசியாக எழுதியது தப்புத்தான். கோபத்தில் எழுதி, கோபம் ஆறுவதற்குள் தபாலில் போட்டுவிட்டேன். திரும்ப வாங்கலாமா என்று தபால் பெட்டியடியில் கொஞ்ச நேரம் நின்றேன், வெட்கமாக இருந்தது, வந்துவிட்டேன்.

ஆனால் கேள்வி அப்படியேதான் நிற்கிறது, செல்வி. இந்த மாதம் பத்தாம் தேதிக்குள் காரணம் சொல்லாவிட்டால் சோதனையை முடித்துவிட்டதாக எழுதிவிடுவேன் என்கிறார் சார். அதோடு என் வேலையும் முடிந்தது. உன் கையில்தான் இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன்.

பவுல்ராஜ்


மரக்காணம்,
2 ஜூன் 1979

மகன் பவுல்ராஜுக்கு உன் தாயார் அற்புதமேரி ஆசீர்வாதம் சொல்லி எழுத வைத்தது. எழுதுகிறவர் தபால்காரர் கலியமூர்த்தி. அம்மா சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன் தம்பி, பிழை இருந்தால் என்னுடையது.

ராசா, நல்லா இருக்கறியா? எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்குது. அத உடு. உன் பொஞ்சாதி சரியா சாப்பிடறது இல்ல. கெணத்தடியில போயி நின்னுக்கினு கண்ணத் தொடச்சிக்கினு வர்றா. இன்னாடின்னா தூசிங்கறா. நீ இன்னாடா எழுதித் தொலச்சே?

அவமேலயும் எனக்கு ஒரு வருத்தம் இருக்குது. சொல்லாம இருக்க முடியல. உன் பொட்டி மேல ஒரு பெரிய மண்சட்டியக் கவுத்து, அதும்மேல கல்ல வேற தூக்கி வெச்சிட்டா. என்னைக் கிட்டவே உட மாட்டேங்கறா. நீ வெச்சிட்டுப் போன நாள்லேருந்து சாயந்தரம் செபமாலை முடிச்சிட்டு, தீர்த்தம் எடுத்துக்கினு போயி ஒரு சொட்டாவது தெளிச்சிட்டுத்தான் வருவேன். ஈஸ்டரு பாஸ்காவுக்குப் புதுத் தீர்த்தம் வந்துச்சில்ல, அன்னிலேருந்து மூடியில இருக்கற ஓட்டை வழியா உள்ளயே ஊத்தறேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு தரம். பாட்டில்ல கொறஞ்சா கெணத்துத் தண்ணி ஊத்தி, மந்திரிச்ச உப்பு ரெண்டு கை அள்ளிப் போட்டுக்குவேன். பவரு கொறையக் கூடாதுல்ல.

அப்படி இருந்தும் பொட்டி செத்துப்போச்சே, எம் பக்திதான் பத்தலியோன்னு மனசு கெடந்து அடிச்சிக்குது. அது செத்தப்புறமும் உடல, எழுந்திருக்கும்னு நாளு தவறாம தெளிச்சேன். அப்பதான் இவ சட்டியக் கவுத்துட்டா.

உனக்குத் தெரியாதா? அனுமந்தையில இருந்தப்ப, உங்கப்பா கடைசியா கட்டுமரம் ஏறுன அன்னிக்கு மட்டும்தான் நான் தீர்த்தம் தெளிக்காம உட்டேன். நீ ஜொரத்துல கெடந்தே, மறந்துட்டேன். அன்னிக்கே கடலு அவரை எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் எதையும் நான் தெளிக்காம உட்டதில்ல. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு, சட்டிய எடுக்கச் சொல்லு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது, மாதா இருக்கறா.

(இதற்கு மேல் அம்மாவால் சொல்ல முடியவில்லை தம்பி. நான் இதை எழுதியது உங்கள் வீட்டில் அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. கலியமூர்த்தி.)


பெங்களூர்,
8 ஜூன் 1979

என் செல்விக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

அம்மா கலியமூர்த்தியிடம் சொல்லி ஒரு கடிதம் எழுத வைத்தாள். படித்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சாயந்திரம் ஊற்றிய உப்புத்தண்ணீர் காவல்காரனின் கால்களுக்கு நடுவே காலை வரைக்கும் ஈரமாக நிற்கும். பன்னிரண்டு வோல்ட் வாசல் வழியாக வராமல் அந்த ஈரத்தில் ஏறிச் சுவர் தாண்டிக் குதித்திருக்கிறது. மதிய வெயிலில் காய்ந்துவிட்டால் மறுபடி ஐந்து. நீ எழுதியது ஒவ்வொன்றும் சரி. மீட்டரையும் சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். நான்தான் வோல்ட் வெயில் பார்க்குமா என்று உன்னிடம் கிண்டல் செய்தேன்.

மூடியைத் திறந்து உப்பு வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்த அன்றே உனக்குத் தெரிந்திருக்கும். அப்பா போன நாளைப் பற்றி அம்மா உன்னிடமும் சொல்லியிருப்பாள். தீர்த்தம் தெளிக்காததால் புருஷன் போனான், தெளித்ததால் பிள்ளை வேலை போனது என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள் என்று நீ நினைத்தாய். அதற்காக உன் பெங்களூரை விட்டாய். என்னிடம் உன் பெயரைக் கெடுத்துக்கொண்டாய். நான் உன்னை வர மனமில்லையா என்று கேட்டேன். செல்வி, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. கிழிக்க மாட்டாய் என்றால் எனக்கே அனுப்பு, நான் கிழிக்கிறேன்.

சாரிடம் உப்பு ஈரம் உள்ளே இறங்கிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவரும் மேஜையில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டுப் பார்த்தார், மீட்டர் ஏறியது. பீரோவைத் திறந்தார். இங்கே மாதா கோவில் வாசலில் பெரிய மெழுகுவர்த்தி வாங்கி உருக்கி, புதுப் பெட்டியின் சர்க்யூட் முழுவதையும் மெழுகில் முக்கி எடுத்துவிட்டேன். சூடாகிற காவல்காரனை மட்டும் தனியாக ஒரு மூடிக்குள் வைத்திருக்கிறேன். மேலே ஓட்டையே கிடையாது. இருபதாம் தேதி சார் அதைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு வருகிறார். எனக்கு லீவு இல்லை.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. சட்டியை எடுத்துவிடு. இனிமேல் குடம் குடமாக ஊற்றட்டும், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

உன்
பவுல்ராஜ்


மரக்காணம்,
24 ஜூன் 1979

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். அத்தைக்கும் ஒன்றுமில்லை, எல்லாம் பின்னால் எழுதுகிறேன். உங்கள் மே மாதக் கடிதத்தைக் கிழிக்க மாட்டேன், அனுப்பவும் மாட்டேன். பெட்டிக்குப் பிறகுதான் பெண்டாட்டி என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் என்னைக் கேட்ட கேள்வி என்னை அறுத்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த போதெல்லாம் உண்மை பேனா முனைக்கு வந்து நின்றது. அதனால்தான் எழுதவே இல்லை. இதை ஒரு தரம் சொல்லிவிட்டேன், இனிச் சொல்ல மாட்டேன்.

புதன்கிழமை சார் வந்தார். பெட்டியை நான்தான் மாட்டினேன், அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பாத்தி நிறைந்ததும் மோட்டார் டக்கென்று நின்றது. ராஜாங்கம் முதலாளி கை தட்டிவிட்டார். ஆர்டர் வந்துவிடும், மூட்டையைக் கட்டலாம் என்று சார் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை தீர்த்தப் பாட்டிலோடு ஓரமாக நின்றிருந்தார்.

அப்போதுதான் முதலாளி வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "மொதப் பொட்டி ஏன் சார் செத்துது?" என்று கேட்டார். சார் பாவம், அவருக்கு என்ன தெரியும்? "மேல ஓட்டை வழியா உப்புத்தண்ணி உள்ள எறங்கிடுச்சுங்க. கடல்காத்து ஈரமா இருக்கும். இப்ப மெழுகு போட்டு அடைச்சிட்டோம்" என்றார். நான் அத்தையைப் பார்த்தேன். பாட்டில் முந்தானைக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அத்தை பின்னால் வந்து நின்றார்.

"நாந்தானாடி?"

"காத்துன்னுதானே சார் சொன்னாரு அத்தை."

"காத்து மூணு தரம் ஊத்துமா? நாந்தானா?"

எனக்குப் பொய் சொல்லிச் சொல்லித் தெம்பே போய்விட்டது, அத்தான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அவன் ஒன்னை இன்னா சொல்லி எழுதினான்?"

"ஒண்ணும் எழுதல."

"ஒண்ணும் எழுதாத காயிதத்தைப் படிச்சிட்டா கெணத்தடியில போயி நின்னு அழுதே?"

அவர் அழவில்லை. சாப்பிட்டார், ஜெபமாலை சொன்னார். ஆனால் கொட்டகைப் பக்கம் போகவில்லை. தினமும் தெளிக்கிற வீட்டுக் கன்றுக்குட்டிக்கும் தெளிக்கவில்லை. பாட்டில் மாடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது. இதற்குத்தானே நான் இவ்வளவு பாடுபட்டேன், கடைசியில் இப்படி ஆகிவிட்டதே என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெளிங்க அத்தை, அவரே தெளிக்கச் சொல்லி எழுதியிருக்காரு என்று உங்கள் கடிதத்தை வாசித்தும் காட்டினேன். "உம்" என்றதோடு சரி. இவரை இப்படி விட்டுவிட்டு வருவதில்லை என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

இன்று பூசையிலிருந்து வந்ததும் பரண் மேலிருந்த என் டிரங்குப் பெட்டியை அவரே இறக்கித் தூசி தட்டினார். என்னைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்தார். மாடத்திலிருந்து தீர்த்தத்தை எடுத்தார். டிரங்குக்குத் தெளிக்கப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளங்கை நிறைய ஊற்றி என் உச்சந்தலையில் வைத்தார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மூன்று தரம். நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போய்விட்டது. இரண்டு கை உப்புப் போட்ட தண்ணீர், கேட்கவா வேண்டும்?

"எரியுதாடி?"

"எரியுது அத்தை."

"எரியட்டும். பொட்டிதான் தாங்கல. நீ தாங்கினே."

சொல்லிவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய், உங்கள் மெழுகுப் பெட்டி மேல் மிச்சத்தை ஊற்றிவிட்டு வந்தார். நானும் பின்னாலேயே ஓடிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு அப்படியே எரிகிறது.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன், ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்கள். அத்தை கிறிஸ்மஸுக்கு வந்து எட்டிப் பார்ப்பாராம், ஜன்னல் இல்லாவிட்டால் அன்றே திரும்பிவிடுவாராம். நம் வீட்டுக்கென்று ஒரு பாட்டில் தீர்த்தம் கட்டிக் கொடுத்திருக்கிறார். உங்கள் மேஜைப் பக்கம் மட்டும் வைக்க மாட்டேன்.

கண் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

செல்வி